காரின் மின் சாக்கெட்: சிகரெட் லைட்டரிலிருந்து கைப்பேசி வரை

காரின் டேஷ்போர்டில் சுமார் 21 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டமாக இருக்கும் 12 வோல்ட் சாக்கெட், வண்டியின் மின்சாரத்தை வெளிக்கருவிகளுக்குத் தரும் இணைப்பாகும். கைப்பேசிச் சார்ஜர், டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்ப், வழிகாட்டிக் கருவி, கேமரா எனப் பலவும் இன்று அதில் செருகப்படுகின்றன. ஆனால் இவற்றில் எதற்காகவும் அது உருவாக்கப்படவில்லை. சிகரெட் பற்றவைக்கச் செய்த துளை, வேறு வழியில்லாமல் உலகம் முழுவதும் வாகன மின் இணைப்பாக நிலைத்துவிட்டது. பழைய கார் ஒன்றில் கூடுதலாக ஒரு சாக்கெட் பொருத்துபவர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் பலவும் இந்த வரலாற்றிலிருந்தே வருகின்றன.

காருக்குள் மின்சாரம்

தொடக்ககாலக் கார்களில் எஞ்சினைக் கைப்பிடி சுற்றிக் கிளப்பினார்கள். முன்விளக்குகள் பலவற்றில் அசிட்டிலீன் வாயு எரிந்தது. 1912ஆம் ஆண்டின் கேடில்லாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. ஸ்டார்ட்டரைச் சுழற்ற வலுவான பேட்டரி வேண்டும். அந்தப் பேட்டரியை நிரப்ப ஓட்டத்திலேயே மின்சாரம் உண்டாக்கும் டைனமோ வேண்டும். இரண்டும் வந்தபின் காருக்குள் எப்போதும் மின்சாரம் இருந்தது. விளக்கு, ஒலிப்பான், துடைப்பான், வானொலி என ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தன. சிகரெட் லைட்டரும் அந்த வரிசையில் வந்ததுதான்.

லைட்டரும் அதன் துளையும்

முதலில் வந்த சில லைட்டர்கள் வயரோடு இணைந்தவை. சுருளிலிருந்து வயரை இழுத்து, பற்றவைத்தபின் மீண்டும் சுருட்டிவிட வேண்டும். வயரில்லாமல் தனியே எடுக்கக்கூடிய லைட்டருக்கு 1921இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் லைட்டர் இடம்பெறத் தொடங்கியது.

பின்னர் வந்த தானியங்கி லைட்டரின் இயக்கம் எளிமையானது. குமிழை உள்ளே அழுத்தினால், சாக்கெட்டின் அடியிலுள்ள ஈருலோகப் பட்டைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் பாய்ந்து கம்பிச்சுருள் சிவக்கும். சூட்டில் பட்டைகள் வளைந்து பிடியைத் தளர்த்த, சுருள்வில் லைட்டரை வெளியே தள்ளும். இதற்குச் சில நொடிகளே ஆகும். அந்த நேரத்தில் சுமார் 10 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்.

இன்றைய சாக்கெட்டின் குறைகளுக்கு இதுவே காரணம். லைட்டர் வெளியே வருவதற்காகச் செய்த துளை, ஒரு பிளக்கை இறுகப் பிடித்துக்கொள்ளச் செய்ததன்று. அதனால்தான் மேடுபள்ளத்தில் சார்ஜர் ஆடித் தளர்கிறது. அதைவிட முக்கியமானது வயரின் கனம். சில நொடிகள் மட்டும் மின்னோட்டம் செல்லும் என்று கருதிப் போட்ட வயரில், மணிக்கணக்கில் இயங்கும் கருவிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் வயர் சூடேறும்.

6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு

இரண்டாம் உலகப் போருக்குப்பின் எஞ்சின்கள் பெரிதாகின. ஸ்டார்ட்டருக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்பட்டது. அமெரிக்க நிறுவனங்கள் 1950களின் நடுவில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1967 வாக்கில்தான் மாறியது. வோல்ட் இரட்டித்தால், அதே ஆற்றலுக்குப் பாதி மின்னோட்டம் போதும். பின்னாளில் எல்லாக் கருவிகளும் ஒரே சாக்கெட்டில் இயங்க முடிந்ததற்கு இந்தப் பொதுவான 12 வோல்ட்டே அடிப்படை.

1960இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியண்ட் கார் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரோடு வந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரும். டைனமோவால் அது இயலாது.

சாக்கெட்டைத் தேடிவந்த கருவிகள்

1974இல் அமெரிக்காவில் வேக வரம்பு மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. காவலர் நிற்கும் இடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஓட்டுநர்கள் சிபி வானொலியை வாங்கினர். ராடார் காட்டிக்கொடுப்பான்களும் பரவின. இவற்றுக்குக் காரில் தனி இணைப்பு இல்லை. வயரை வெட்டி ஒட்டாமல் மின்சாரம் கிடைத்த ஒரே இடம் லைட்டர் துளைதான். 1980களில் கார்த் தொலைபேசி வந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம், ஜிபிஎஸ் சமிக்ஞையின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்துவந்த முறையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதன்பின் வழிகாட்டிக் கருவிகள் பெருகின. எல்லாம் அதே துளைக்கே வந்தன. இதற்குள் புகைப்பழக்கம் குறைந்து, பல கார்களில் லைட்டரின் இடத்தில் வெறும் மூடி மட்டும் வந்தது. பெயர் மாறிற்று, துளை மாறவில்லை.

பழைய காரின் மின் கணக்கு

பிரிட்டனில் 1948 முதல் 1971 வரை உற்பத்தியான மொரிஸ் மைனர் நல்ல எடுத்துக்காட்டு. இலங்கைச் சாலைகளில் இன்றும் அதைக் காணலாம். அதிலிருந்த லூகாஸ் டைனமோ, சி40 வகையானால், அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். முன்விளக்குகள் இரண்டும் முழுவெளிச்சத்தில் எரிந்தால் சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். இக்னிஷன் சுருளுக்கு மூன்று, நான்கு ஆம்பியர். பின்விளக்குகளுக்கும் மற்றவற்றுக்கும் இன்னும் இரண்டு, மூன்று. இரவில் மீதியிருப்பது ஐந்தாறு ஆம்பியர்தான். சிக்னலில் நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய எதுவும் தராது. எல்லாம் பேட்டரியிலிருந்தே போகும்.

20 வாட் கைப்பேசிச் சார்ஜர் இரண்டு ஆம்பியருக்குள் அடங்கும். அதை இந்தக் கார் தாங்கும். காற்றடிக்கும் பம்ப் 10 ஆம்பியருக்கும் மேல் கேட்கலாம். அதை விளக்குகள் எரியும்போது தாங்காது.

எர்த் எந்தப் பக்கம்

பல பிரிட்டிஷ் கார்களில் 1930கள் முதல் 1960களின் இறுதிவரை பேட்டரியின் பாசிட்டிவ் முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மொரிஸ் மைனரும் அப்படியே. இன்றைய சாக்கெட்டில் நடு முனை பாசிட்டிவ், சுற்றுக் கூடு நெகட்டிவ் என்பதே வழக்கம். பாசிட்டிவ் எர்த் காரில் கூட்டை உடலோடு இணைத்தால் முனைகள் தலைகீழாகி, சார்ஜர் கெட்டுப்போகும். சரியான முனைகளோடு இணைத்தாலோ, உலோகக் கூடு எர்த் அல்லாத பக்கத்தில் இருக்கும். அது டேஷ்போர்டின் உலோகத்தைத் தொட்டால் நேர்ச்சுற்றாகும். இந்தக் கார்களில் இரண்டு வயர்களையும் தனியே இழுத்து, சாக்கெட்டை மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ பொருத்தி, உடலிலிருந்து முற்றிலும் விலக்கி வைப்பதே வழி.

பியூஸ் யாருக்குக் காவல்

பியூஸ் காப்பது கருவியை அன்று, வயரை. மொரிஸ் மைனரில் இரண்டே பியூஸ்கள். ஒவ்வொன்றிலும் 35 ஆம்பியர் என்றிருக்கும். பழைய லூகாஸ் பியூஸில் அந்த எண், உருகிப்போகும் அளவைக் குறிக்கும். தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய அதில் பாதி. இன்றைய தட்டைப் பியூஸில் உள்ள எண்ணோ தொடர்ந்து தாங்கும் அளவு. இதை அறியாமல் அந்த இடத்தில் 35 ஆம்பியர் புதுப் பியூஸைப் போட்டால், பாதுகாப்பு பாதியாகக் குறையும். புது சாக்கெட்டின் மெல்லிய வயரை அதே பியூஸில் கோத்தால், பியூஸ் உருகுமுன் வயர் எரியக்கூடும். ஆகவே புது சாக்கெட்டுக்குத் தனி வயரும், வயரின் கனத்துக்கேற்ற தனிப் பியூஸும், அந்தப் பியூஸ் பேட்டரிக்கு அருகிலேயும் இருக்க வேண்டும்.

பேட்டரியிலிருந்து நேராக இழுத்தால் சாவி இல்லாமலும் மின்சாரம் கிடைக்கும். ஆனால் 0.1 ஆம்பியர் எடுக்கும் கேமரா ஒன்று ஒரு நாளில் 2.4 ஆம்பியர்-மணி குடித்துவிடும். நிறுத்திவைத்த காரில் 40 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதி எட்டு நாளில் போய்விடும். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் தரும்படி ரிலே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

புதிய கார்களில் யுஎஸ்பி இணைப்புகள் தொழிற்சாலையிலேயே வந்துவிடுகின்றன; லைட்டர் துளை மெல்ல மறைகிறது. பழைய காரில் அது இன்னும் வேலை செய்யும். எத்தனை சாக்கெட் பொருத்தினாலும் டைனமோ ஒன்றுதான் என்பதை நினைவில் வைத்தால் போதும்.