தனியறையில் கேட்ட கேள்வி

கர்ப்பிணியின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் மாதம் தவறாமல் அட்டையில் எழுதிவைத்த அமெரிக்க மருத்துவம், வீட்டில் அவளை யாராவது அடிக்கிறார்களா என்று 1980கள் வரை முறையாகக் கேட்கவில்லை. அது குடும்ப விவகாரம், மிஞ்சினால் போலீஸ் விவகாரம். அந்தக் கேள்வியைக் கிளினிக்குக்குள் கொண்டுவந்ததில் செவிலியர்களுக்கே பெரும்பங்கு. ஜூடித் மக்ஃபார்லேன், பார்பரா பார்க்கர் முதலிய செவிலிய ஆய்வாளர்கள் ஹூஸ்டன், பால்டிமோர் நகரங்களில் 691 கர்ப்பிணிகளிடம் கேட்டு, முடிவை 1992இல் வெளியிட்டார்கள். ஆறில் ஒருவர் அந்தக் கர்ப்பகாலத்திலேயே தாக்கப்பட்டிருந்தார். அடிபட்டவர்கள் முதல் பரிசோதனைக்கே கடைசி மூன்று மாதத்தில் வந்து சேர்வது மற்றவர்களைவிட இருமடங்கு. ஆய்வாளர்கள் கையிலிருந்த படிவம் எளிமையானது: சில நேரடிக் கேள்விகள், அடிபட்ட இடத்தைக் குறிக்கப் பெண்ணுடலின் கோட்டுப்படம், தாக்குதலின் கடுமைக்கு 1 முதல் 6 வரை எண். மிரட்டலுக்கு 1, ஆயுதத்துக்கு 6.

இந்த வரலாற்றைப் படிவத்தின் வரலாறாகச் சொல்வதுண்டு. கேட்டவர் யார், அப்போது அறையில் யார் இல்லை என்பதே பெரிது என்பது என் கட்சி. சான்றை மக்ஃபார்லேன் இடம்பெற்ற ஒரு குழுதான் 1991இல் தந்தது. குடும்பநலக் கிளினிக்குகளில் பெண்கள் தாங்களே படிவத்தை நிரப்பியபோது வன்முறையைச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. செவிலியர் நேரில் கேட்டபோது கால்வாசிக்கும் மேல். பிரிட்டனில் 1997-99 பேறுகால மரணங்களை ஆராய்ந்த அறிக்கை இன்னும் கசப்பானது. இறந்த 378 பெண்களில் 12 சதவீதத்தினர் வன்முறை பற்றித் தாமாகவே மருத்துவப் பணியாளரிடம் சொல்லியிருந்தார்கள். வழக்கமான விசாரிப்பாக அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்க வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்த பிறகுதான் நடைமுறைச் சிக்கல்கள் தெரிந்தன. செக்கப்புக்குக் கணவரும் கூடவே வருகிறார். ஒருமுறையாவது அவளைத் தனியே பார்க்க வேண்டும். மருத்துவக் குறிப்பேடு அவள் வீட்டில் இருக்கிறது. பதிலை அதில் எழுதினால் அவர் படித்துவிடுவார். சில மருத்துவமனைகள் கழிப்பறையில் ஸ்டிக்கர் வைத்தன: சிறுநீர்ப் புட்டியில் ஒட்டினால், தனியே பேச விரும்புகிறாள் என்று பொருள்.

கேட்டதால் அடி குறைந்ததா என்பது நியாயமான மறுப்பு. கனடாவின் ஒன்டாரியோவில் 6,743 பெண்களைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான சோதனையில், கண்டறிவதால் மட்டும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. கேட்டதால் தீங்கும் விளையவில்லை. ஆனால் அங்கே வன்முறை இருப்பதாகத் தெரிந்த பெண்களில் பாதிப்பேர்கூட அதைப் பற்றி மருத்துவரோடு பேசவில்லை. பேச்சே நடக்காத இடத்தில் கேள்வி தோற்றது என்று எப்படித் தீர்ப்பெழுதுவது? உலக சுகாதார நிறுவனமும் 2013இல் எல்லாப் பெண்களிடமும் கேட்கச் சொல்லவில்லை. பயிற்சி, தனிமை, ரகசியம், அனுப்பிவைக்க ஓர் இடம் ஆகியவற்றை முன்நிபந்தனையாக வைத்தது. இவை இல்லாத மருத்துவமனை அந்தக் கேள்வியை அட்டையில் அச்சடிக்காமலிருப்பதே மேல்.