எம்.எஸ். நோயாளிகள் உடற்பயிற்சி செய்யலாமா? நடந்ததும் கண் மங்குவது ஏன்?

பத்து நிமிடம் வேகமாக நடந்ததும் ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. கால் கனக்கிறது. பார்த்துப் பதறிப்போகும் வீட்டுக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "போதும்மா, பேசாம ரெஸ்ட் எடு."

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., பாதித்தவர்களுக்குப் பழகிப்போன வார்த்தை இது. டாக்டர்களும் பல பத்தாண்டுகளாக இதையேதான் சொல்லி வந்தார்கள். இப்போது அந்த ஆலோசனை மாறிவிட்டது.

எம்.எஸ். என்றால் என்ன?

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. கரண்ட் ஒயருக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி. உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். பார்வை மங்கல், கால் மரத்துப்போவது, தடுமாற்றம், சிறுநீரை அடக்க முடியாமை, எதனாலும் தீராத களைப்பு என்று அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் முழுவதும் சுமார் 28 லட்சம் பேர் இந்த நோயுடன் வாழ்கிறார்கள். இது தொற்றுநோய் இல்லை.

'ரெஸ்ட் எடு' என்ற ஆலோசனை எங்கிருந்து வந்தது?

1890இல் ஜெர்மனியைச் சேர்ந்த கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தோஃப், உடலை வருத்தி வேலை செய்ததும் எம்.எஸ். நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைப் பதிவு செய்தார். உழைப்பு என்பதைவிட, அதனால் உடலில் ஏறும் சூடுதான் காரணம் என்பது பிறகு தெரியவந்தது. உறை தேய்ந்த நரம்பில், உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே சிக்னல் தடைபடலாம். ஸ்கேன் வசதி வராத காலத்தில், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து எம்.எஸ். இருக்கிறதா என்று சோதித்ததும் உண்டு!

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், இந்த மங்கல் தற்காலிகமானது. உடல் குளிர்ந்ததும் பார்வை பழைய நிலைக்கு வந்துவிடும். இதனால் நரம்புக்குப் புதிதாகச் சேதம் ஏற்படுவதில்லை. ஆனால் பயந்துபோய் உட்கார்ந்தே இருந்தால் தசை மெலிகிறது, மூச்சுத் திறன் குறைகிறது, எலும்பு பலவீனமாகிறது. கடைசியில் நடக்க முடியாமல் போனதற்கு நோய் எவ்வளவு காரணம், ரெஸ்ட் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்துவிடுகிறது.

இந்த எண்ணத்தை மாற்றியதில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடந்து, 1996இல் வெளியான ஆய்வுக்கு முக்கியப் பங்கு உண்டு. 54 நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். கையாலும் காலாலும் இயக்கும் சைக்கிள், தலா 40 நிமிடம், வாரம் 3 முறை, மொத்தம் 15 வாரம். பயிற்சி செய்தவர்களின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 22 சதவீதம் கூடியது.

எவ்வளவு செய்யலாம்?

2013இல் வந்த கனடா வழிகாட்டுதல் எளிமையானது. லேசான, நடுத்தர பாதிப்பு உள்ள 18 முதல் 64 வயதுக்காரர்கள் வாரம் 2 முறை, தலா 30 நிமிடம் மிதமான வேகத்தில் நடக்கலாம் அல்லது சைக்கிள் ஓட்டலாம். தசைப் பயிற்சியும் வாரம் 2 முறை. மிதமான வேகம் என்றால், பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதாது. அந்த அளவு.

இதற்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது எல்லாமே தசைப் பயிற்சிதான். ஆரம்பத்தில் 5 நிமிடம் போதும். தடுமாற்றம் இருந்தால் சுவர் ஓரமாக, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். உடற்பயிற்சி எம்.எஸ்.ஸைக் குணப்படுத்தாது. நரம்பியல் டாக்டர் தந்த மருந்தை அதற்காக நிறுத்தவும் கூடாது.

கத்திரி வெயிலில் என்ன செய்வது?

கனடாக்காரர்களுக்கு இல்லாத பிரச்னை போளூர், ஆரணி, வேலூர் பக்கம் உண்டு. மே மாதம் காலை 9 மணிக்கே வெயில் சுடும். எனவே விடிவதற்குள் அல்லது இருட்டிய பிறகு, ஃபேனுக்கு அடியில் செய்வது நல்லது. தொடங்கும் முன் குளிர்ந்த நீரில் கை, கால் கழுவி, கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளலாம். 30 நிமிடத்தை 10, 10 நிமிடமாகப் பிரித்தும் செய்யலாம். அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று பலர், குறிப்பாகப் பெண்கள், தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். வெயில் காலத்தில் அது சிக்கலைக் கூட்டும்.

பயிற்சிக்குப் பின் வந்த மங்கலோ மரத்துப்போவதோ அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் பயமில்லை. புதிய அறிகுறி 24 மணி நேரம் தாண்டியும் நீடித்தால் அது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி வேண்டாம்.

தறி மிதிப்பதே உடற்பயிற்சிதானே?

பட்டு நெசவு நடக்கும் ஊர்களில் நியாயமாக வரக்கூடிய கேள்வி. தறியில் நாள் முழுக்க உட்கார்ந்தபடி ஒரே அசைவு. கால் ஓயும் அளவுக்கு இடுப்புக்கும் முதுகுக்கும் வேலை இல்லை, நின்று நடக்கத் தேவையான பேலன்ஸுக்கும் பயிற்சி இல்லை. பாதம் மரத்தவருக்கு எந்த மிதியில் கால் இருக்கிறது என்பதே தெரியாமல் போகலாம். குழித்தறி என்றால் ஏறி இறங்கும்போது விழும் ஆபத்தும் உண்டு. அன்றைய சக்தி முழுவதையும் தறியிலேயே செலவழித்துவிட்டால் பயிற்சிக்கு எதுவும் மிஞ்சாது. எனவே காலையில் முதலில் பயிற்சி, ஓய்வு, அதன்பிறகு தறி என்று வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே உதவி கிடைக்கும்?

முதல் சில வாரங்கள் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்வதே பாதுகாப்பு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் சேவையும் இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

போளூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போனால் வேலூர். அங்குள்ள சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் தொடங்கப்பட்டது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவச் சான்று கிடைத்தால், சட்டம் தரும் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளைக் கோரலாம். அதற்கான தேசிய அடையாள அட்டைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்க முடியும்.