மோந்தாயு: ஒரு மலைக்கிராமம் பேசிய கதை

"வரலாறா? ராஜா, போர், வருஷம், அவ்வளவுதானே!" என்று பிற துறை நண்பர்கள் எங்களைச் சீண்டாத நாள் இருந்ததில்லை. அவர்களுக்கு இந்த விழா மலர் வழியாக, ராஜாவும் போர்க்களமும் இல்லாத ஒரு ஊரை அறிமுகம் செய்ய ஆசைப்படுகிறேன்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே நீளும் பிரனீஸ் மலைத்தொடரில், அரியேழ் மாவட்டத்தில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மோந்தாயு. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 250 பேர். மேட்டின் உச்சியில் கோட்டை. அதற்குக் கீழே அடுக்கடுக்காக வீடுகள். திராட்சை விளையாத குளிர். கோதுமை, ஓட்ஸ், ஆட்டு மந்தை இவையே பிழைப்பு. ஊரில் ஒரு மாவு ஆலைகூடக் கிடையாது. தானியத்தைக் கீழே அக்ஸ்-லெ-தெர்ம் ஊருக்குக் கொண்டுபோய்த்தான் அரைத்து வரணும்!

இந்தப் பூகோளம்தான் அதன் வரலாற்றையும் தீர்மானித்தது. உலகப் பொருள்களெல்லாம் தீய சக்தியின் படைப்பு என்று நம்பிய 'காத்தார்' என்னும் சமயப் பிரிவினர் தென் பிரான்சில் பரவியிருந்தார்கள். அவர்களை ஒழிக்கத் திருச்சபை 1209-இல் சிலுவைப் போர் தொடங்கியது. 1244-இல் மோன்செகூர் கோட்டை விழுந்தபோது இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். சமவெளியில் அழிந்த அந்த நம்பிக்கை, எளிதில் எட்ட முடியாத மலையூர்களில் ஒளிந்து உயிர் வாழ்ந்தது. மோந்தாயு அதில் ஒன்று. 1308-இல் சமய விசாரணை அதிகாரிகள் ஊரை வளைத்து, பெரியவர்கள் அத்தனை பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர் பாமியே நகரத்து ஆயர் ழாக் ஃபூர்னியே. கெட்டிக்கார மனிதர். அடித்துக் கேட்பதைவிட, பேச விட்டுக் கேட்பதில் வல்லவர். 1318 முதல் 1325 வரை 370 நாட்கள், 578 விசாரணைகள். மோந்தாயுவோடு சுற்றுவட்டார ஊர்க்காரர்களும் அவர் முன் நிறுத்தப்பட்டார்கள். சொன்னதையெல்லாம் எழுத்தர்கள் லத்தீனில் எழுதினார்கள். 1334-இல் இவரே பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். அதனால் அந்தப் பதிவேடு போப்பாண்டவர் நூலகம் போய்ச் சேர்ந்து, இன்றும் வத்திக்கானில் இருக்கிறது.

அதில் என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? ஒரு ஊரே இருக்கிறது! வாசலில் வெயில் காய்ந்தபடி பேன் பார்த்துக்கொண்டே ஊர்வம்பு பேசும் பெண்கள். மந்தையோடு மலை தாண்டி ஸ்பெயின் பக்கம் போய்வரும் மேய்ப்பர் பியேர் மோரி. ஊரார் பலரைக் காட்டிக்கொடுத்துவிட்டு, கடைசியில் தானும் சிறையில் செத்த பாதிரியார் பியேர் க்ளெர்க். கட்டடத்துக்கும் குடும்பத்துக்கும் அவர்களிடம் ஒரே சொல், 'ஓஸ்தால்'. நாம் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்கிறோமே, அதே பொருள்தான்.

1975-இல் எம்மானுவேல் லெ ருவா லதுரி இந்தப் பதிவேட்டை வைத்து 'மோந்தாயு' என்ற நூலை எழுதினார். வரலாற்று நூல் ஒன்று நாவல் போல விற்றுத் தீர்ந்தது. ஆனால் ஆய்வாளர்கள் சும்மா விடவில்லை. ஒக்சிதான் மொழியில் பேசியது லத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது. கைதி நீதிபதியிடம் சொன்னதை, அண்டை வீட்டுக்காரரிடம் சொன்னதுபோல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்த மேய்ப்பரின் குரல் எழுநூறு ஆண்டு கடந்து நமக்குக் கேட்கக் காரணம், அவருக்கு 1324-இல் சிறைத் தண்டனை விதித்த அதே விசாரணைதான். விடுதலையானவர்களில் பலர் உடையில் மஞ்சள் சிலுவை தைத்துக்கொண்டு நடமாட வேண்டியிருந்தது. யாரும் சந்தேகப்படாத பக்கத்து ஊர்கள் நிம்மதியாக வாழ்ந்திருக்கும். ஆனால் அங்கே யார் என்ன பேசினார்கள் என்று ஒரு வரி கிடையாது. ஏழை சொல்லுக்கு ஏட்டில் இடம் கிடைக்க, அவன் கூண்டில் ஏற வேண்டியிருந்தது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஊரில் ஆடு மேய்த்த தாத்தாவும், நாற்று நட்ட பாட்டியும் இருப்பார்கள். அவர்களிடம் குற்றம் கண்டுபிடிக்கிறவன் மட்டுமே கேள்வி கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்த விடுமுறைக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். எந்த வருஷம் மழை பொய்த்தது, அப்போது என்ன சாப்பிட்டார்கள் என்பதில் தொடங்குங்கள். அவர்கள் பேசுகிற தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்; திருத்தாதீர்கள்.