படைவீரர் குடும்பங்களின் குழந்தைப் பராமரிப்பு

படைவீரர் குடும்பங்களின் குழந்தைப் பராமரிப்பு என்பது, தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணிபுரிவோரின் குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு, குடும்பத்தால் தாங்கக்கூடிய செலவில் கிடைக்கும் பகல்நேரக் கவனிப்பையும் முன்பருவக் கல்வியையும் குறிக்கும். இந்தியாவில் இதற்கெனத் தனியான ஒரே திட்டம் இல்லை. அங்கன்வாடி, படைத்துறை நல அமைப்புகள், கேந்திரிய வித்தியாலயங்கள், கல்விப்படி, விடுப்பு விதிகள் ஆகியவை சேர்ந்தே இத்தேவையை நிறைவு செய்கின்றன. பாசறைகளிலிருந்து விலகி அமைந்துள்ள கன்னியாகுமரி மாவட்டம் போன்ற பகுதிகளில் இவ்வேற்பாடுகளின் பயனும் குறையும் தெளிவாகப் புலப்படுகின்றன.

தேவையின் காரணங்கள்

படைவீரரின் பணியிடங்கள் பொதுவாக அமைதிப் பகுதி, களப் பகுதி என இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. அமைதிப் பகுதியில் குடியிருப்பு கிடைத்தால் குடும்பம் உடன் வாழலாம். எல்லையையொட்டிய களப் பகுதிகளுக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. அக்காலத்தில் மனைவியும் குழந்தைகளும் சொந்த ஊரிலோ, களப்பணியில் உள்ளோரின் குடும்பங்களுக்கென ஒதுக்கப்படும் நகரக் குடியிருப்புகளிலோ தங்குவர். தரைப்படை வீரருக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. எஞ்சிய நாட்களில் குழந்தை வளர்ப்பின் முழுப் பொறுப்பும் தாயையே சேர்கிறது. தாய் வேலைக்குச் செல்பவராயின், குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது என்பதே குடும்பத்தின் முதல் கேள்வியாகிறது. அடிக்கடி நேரும் பணியிட மாற்றத்தால் உற்றார் உறவினரின் துணை கிடைப்பதும் அரிதாகிறது.

கன்னியாகுமரி மாவட்டம்

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்த இம்மாவட்டத்தில் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய பகுதி நாஞ்சில் நாடு என அழைக்கப்படுகிறது. படைப்பணியுடன் இம்மண்ணுக்குள்ள தொடர்பு பழமையானது. மதராஸ் ரெஜிமெண்டின் 9ஆம் பட்டாலியன், 1704இல் பத்மநாபபுரத்தில் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர்ப் படையைத் தன் தோற்றமாகக் கொள்கிறது. எனினும் அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. இம்மாவட்டத்துக்கு அருகில் உள்ள பெரிய தரைப்படை நிலையமும் படை மருத்துவமனையும் திருவனந்தபுரம் பாங்கோட்டில் அமைந்துள்ளன. கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ளது. ஆகவே ஊரில் தங்கும் பட்டாளத்துக் குடும்பங்கள் பாசறை வளாகங்களில் உள்ள மழலையர் பள்ளிகளை அன்றாடம் பயன்படுத்த இயலாது. தாத்தா, பாட்டி முதலிய உறவினரும் ஊர் அங்கன்வாடியுமே இவர்களின் முதன்மைத் துணையாகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. படித்த பெண்கள் வேலை தேடும் நிலையில் பகல்நேரக் காப்பகங்களின் தேவையும் மிகுகிறது.

பொதுத் திட்டங்கள்

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. அங்கன்வாடிகள் இதன்கீழ் இயங்குகின்றன. ஆறு வயதுக்குட்பட்டோருக்குத் துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, முன்பருவக் கல்வி ஆகியவை இவற்றில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் 1982 சூலை 1 முதல் சத்துணவுத் திட்டமும் இவற்றோடு இணைந்தது. தந்தையின் பணியோ வருமானமோ சேர்க்கைக்குத் தடையாகாது என்பதால் படைவீரரின் குழந்தைகளும் இவற்றில் சேரலாம். எனினும் அங்கன்வாடி பிற்பகலில் முடிவதால், மாலை வரை பணிபுரியும் தாய்க்கு இது முழுத் தீர்வாகாது.

2017இன் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தில் மாதக் கட்டணம் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு 20 ரூபாய், பெற்றோர் இருவரின் வருமானம் 12,000 ரூபாய் வரை உள்ளோருக்கு 100 ரூபாய், அதற்கு மேல் 200 ரூபாய் என வகுக்கப்பட்டது. ஏழாவது ஊதியக் குழுவின்படி சிப்பாயின் தொடக்க அடிப்படை ஊதியம் 21,700 ரூபாயாதலால், படைவீரர் குடும்பம் இதில் உயர்ந்த பிரிவிலேயே அடங்கும். 2022இல் இத்திட்டம் பால்னா என மாற்றியமைக்கப்பட்டது. இதன்கீழ் அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்கள் மாதம் 26 நாட்கள், நாளொன்றுக்கு ஏழரை மணிநேரம் இயங்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது. சிறிய கடைகளிலும் பள்ளிகளிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு இதனால் பயன் குறைவு.

படைத்துறை ஏற்பாடுகள்

1966இல் பதிவு செய்யப்பட்ட தரைப்படை மனைவியர் நலச் சங்கம், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்காக ஆஷா பள்ளிகளை நடத்துகிறது. கடற்படை, வான்படை ஆகியவற்றுக்கும் இத்தகைய நலச் சங்கங்கள் உண்டு. 1983இல் நிறுவப்பட்ட தரைப்படை நலக் கல்விச் சங்கம் தரைப்படைப் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கிறது.

பணியிட மாற்றத்தால் கல்வி தடைபடாதிருக்க, 1963இல் 20 ரெஜிமெண்ட் பள்ளிகளைக் கொண்டு மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இவையே பின்னர் கேந்திரிய வித்தியாலயங்கள் ஆயின. நாகர்கோவிலிலும் ஒன்று உள்ளது. மூன்று முதல் ஆறு வயதினருக்கான பால்வாடிகா வகுப்புகள் 2022 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட கேந்திரிய வித்தியாலயங்களில் தொடங்கப்பட்டன.

நிதியுதவியும் விடுப்பும்

மத்திய அரசு ஊழியருக்குரிய குழந்தைகள் கல்விப்படி படையினருக்கும் உண்டு. 2017 சூலை முதல் குழந்தை ஒன்றுக்கு மாதம் 2,250 ரூபாயாக இருந்த இப்படி, 2024 சனவரி முதல் 2,812.50 ரூபாயாக உயர்ந்தது. இது இரு குழந்தைகளுக்கு வழங்கப்படும். பள்ளியில் சேர்ந்த குழந்தைக்கே கிடைப்பதால், கைக்குழந்தைக்கான காப்பகச் செலவு இதில் அடங்காது.

ஹவில்தார் நிலை வரையிலான முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்குக் கேந்திரிய சைனிக் போர்டு முதல் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை கல்வி உதவி வழங்குகிறது. மாதம் 1,000 ரூபாயாக இருந்த இவ்வுதவி 2025 நவம்பரில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இத்தகைய உதவிகள் பெற வழிகாட்டுகிறது.

பெண் அதிகாரிகளுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும், பணிக்காலம் முழுவதற்குமாக 360 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. இவற்றைப் பிற நிலைகளில் உள்ள பெண் படையினருக்கும் சமமாக வழங்கப் பாதுகாப்பு அமைச்சர் 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தார்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1989இல் படைத்துறைக் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. குடும்ப வருமானத்துக்கேற்ற கட்டணம், பயிற்சியுடன் இணைந்த பணியாளர் ஊதியம், முன்னறிவிப்பற்ற ஆய்வு ஆகியவை இதன் கூறுகளாகும். பாசறைக் காப்பகத்தில் இடம் கிடைக்காதோருக்கும் தொலைவில் வசிப்போருக்கும், வெளியில் உள்ள தனியார் காப்பகக் கட்டணத்தில் ஒரு பகுதியை வழங்கும் திட்டமும் அங்கு உண்டு. ஐக்கிய இராச்சியம் 2022 செப்டம்பர் முதல், 4 முதல் 11 வயது வரையிலான படையினர் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும், பள்ளிப் பருவத்தில் வாரம் 20 மணிநேரம் வரை, பராமரிப்பு நிதி வழங்குகிறது.

இடைவெளிகள்

இந்திய ஏற்பாடுகளில் மூன்று இடைவெளிகளைக் காணலாம். முதலாவதாக, பாசறை வசதிகள் பாசறையில் வாழ்வோருக்கே எட்டுகின்றன. களப்பணிக் காலத்தில் குடும்பம் ஊர் திரும்பும்போது, தேவை மிகும் வேளையிலேயே அவ்வசதி அற்றுப்போகிறது. இரண்டாவதாக, பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான பருவத்துக்கு நிதியுதவி இல்லை. மூன்றாவதாக, விடுப்புச் சலுகைகள் பணியில் உள்ளோருக்கே உரியவை. படைவீரரின் மனைவி ஊரில் வேலைக்குச் செல்பவராயின், அவருக்கு உதவுவது அங்கன்வாடியின் பணிநேரமும் அதனுடன் இணைந்த காப்பகங்களின் பரவலுமே ஆகும்.