மரக்காணத்தின் குறுக்குச் சாலை

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு மரக்காணம் ஒரு டீக்கடை நிறுத்தம், அவ்வளவுதான். விடியுமுன் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வந்ததும் வெள்ளைப் பாத்திகள் கண்ணில் படும். உப்புக் குவியலோரம் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மிச்சத் தூரத்தை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடப் பறப்பார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்து நடத்தப்படும் நெடுந்தூர ஓட்டங்களும் இந்தச் சாலையைத்தான் விரும்புகின்றன. நல்ல சாலை, வழி தவற வாய்ப்பில்லை, கடலும் பக்கத்தில். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதுதான் இந்தக் கரையின் வழி, காலகாலமாக மக்கள் இப்படித்தான் போய்வந்தார்கள் என்ற எண்ணம் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது; அதை மறுக்க வேண்டியிருக்கிறது. மரக்காணத்தின் தரைவழி கிழக்கிலிருந்து மேற்கே, உப்பளத்திலிருந்து திண்டிவனத்து வயல்காட்டை நோக்கிப் போனது. கரையையொட்டி வடக்கு தெற்காக நடந்த போக்குவரத்தில் பெரும்பங்கு தண்ணீரில் நடந்தது. ஆகவே இந்த ஊரின் பழைய பாதையில் போக நினைக்கும் சைக்கிள்காரர் மரக்காணத்தைக் கடந்து போகக் கூடாது. அங்கே திரும்ப வேண்டும்.

முதலில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வயதைப் பார்க்கலாம். மீனவக் குப்பங்களையும் உள்ளூர்களையும் தொட்டுக்கொண்டிருந்த துண்டுச் சாலைகளை ஒன்றாகக் கோத்து, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு, 1990களில் உருவானது அது. பிறகு தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் 113 கிலோமீட்டரைச் செம்மைப்படுத்தி 2002இல் சுங்கச் சாலையாகத் திறந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள பகுதி இன்று 332ஏ என்ற தேசிய நெடுஞ்சாலை. நான்கு வழியாக விரிந்துகொண்டிருக்கிறது. முப்பது வயதுச் சாலை. அதற்கு முன் இப்படியொரு தொடர்ச்சியான சாலை ஏன் இல்லை என்பதற்கு நிலமே பதில் சொல்லும். கோவளத்தில் ஒரு கழிமுகம், வயலூரில் பாலாற்றின் வாய், மரக்காணத்துக்குச் சற்று வடக்கே எடையந்திட்டுக் கழிமுகம், தெற்கே கழுவெளியின் சதுப்பு. இடையில் எங்கும் வண்டிச் சக்கரம் புதையும் மணல். பாலத்துக்குப் பணம் இல்லாத காலத்தில் எந்த வண்டிக்காரரும் இந்த வழியைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். சென்னையைத் தெற்கோடு இணைத்த பெருஞ்சாலை கடலைவிட்டு முப்பது கிலோமீட்டர் விலகித் திண்டிவனம் வழியாகப் போனதும், 1870களில் வந்த ரயில் பாதை அதே தடத்தைப் பிடித்ததும் தற்செயல் அல்ல.

குறுக்கு வழிக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சாட்சி ஓர் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறது. முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம், அடுத்து வேலூர், பிறகு ஆமூர், முடிவில் அரசன் இருக்கும் கிடங்கில். எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், கிரேக்கக் கடற்பயண ஏடான பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மாவோடும் பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. வேலூரைக் கழுவெளிக்கு மேற்கிலுள்ள உப்புவேலூர் என்றும், ஆமூரைத் திண்டிவனத்தை அடுத்த நல்லாமூர் என்றும் கொள்வார்கள். கிடங்கில் பற்றிச் சிக்கல் இல்லை. கிடங்கல் என்ற பெயரில் திண்டிவனம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். இடைக்கழிநாடு இன்றும் ஒரு பேரூராட்சி. கழிக்கும் கடலுக்கும் நடுவே, மரக்காணத்துக்கு வடக்கே கிடக்கிறது. புலவர் உள்ளூர்க்காரர். வழியில் கிடைக்கும் சாப்பாட்டையும் அவர் விடவில்லை: பட்டினத்தில் பரதவர் தரும் கள்ளும் சுட்ட உலர்மீனும், வேலூரில் புளி சேர்ந்த சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். உப்புக் காற்று அடிக்கும் கரை, செம்மண் மேட்டுக்காடு, ஏரிப் பாசன வயல் என்று நிலம் மாறும் வரிசையை இந்த இலைகளிலேயே படித்துவிடலாம்.

இதற்கு ஒரு தடை எழும். ஆற்றுப்படை சாலை வரைபடம் அல்ல. நெய்தல், முல்லை, மருதம் என்று திணைகளை வரிசைப்படுத்துவது புலவர்களின் மரபு. அதை வைத்து வழி தேடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இன்னும் ஒன்றையும் நாமே சொல்லிவிட வேண்டும்: உப்பு வணிகரான உமணரின் வண்டி இந்தப் பாட்டில் வருகிறது, ஆனால் எயிற்பட்டினத்தில் அல்ல, பாண்டியனின் கொற்கையைப் பேசும் இடத்தில் வருகிறது. ஆகவே மரக்காணத்து உப்பு வண்டிக்கு இதை நேர்ச் சான்றாகக் காட்ட முடியாது. இருந்தாலும் மரபு என்ற ஒன்றை மட்டும் சொல்லி மொத்தத்தையும் தள்ளிவிடவும் முடியாது. மரபு நிலத்தின் வகையைத் தரலாம். ஊரின் பெயரைத் தராது. இங்கே நான்கு ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஐயமற்றது, மற்றவை ஏற்கத்தக்கவை. கடலிலிருந்து கிடங்கில் வரை முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் அந்த மூன்று நிலமும் அதே வரிசையில் இன்றும் வருகின்றன. மரபுக்காக நிலத்தை வளைக்க வேண்டிய தேவையே புலவருக்கு இருந்திருக்காது.

அந்த வழியில் உப்பு எப்படிப் போனது என்பது பிற்காலத்தில் தெளிவாகத் தெரிகிறது. உப்பு கடலோரத்தில் மட்டும் விளையும். எல்லா வீட்டுக்கும் வேண்டும். கனமானது, மலிவானது, மழையில் கரைவது. இப்படி ஒரு பண்டத்தை உள்நாட்டுக்குக் கொண்டுபோகிறவர் திரும்பும்போது வெறுங்கையோடு வந்தால் கட்டுப்படியாகாது. அதனால் உப்பு போன வழியில் நெல்லும் கம்பும் கேழ்வரகும் எதிர்த்திசையில் வந்தன. சென்னை மாகாணத்தில் இந்தப் பண்டமாற்றைப் பொதி மாடுகளோடும் கழுதைகளோடும் நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் உப்புக் குறவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகத்துக்குள் கொண்டுவந்ததும், பின்னர் ரயில் வந்ததும் அவர்கள் பிழைப்பை எப்படிச் சிதைத்தன என்பதை வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார். வழி பறிபோன வணிகர்களை அரசு அலைந்து திரிபவர்களாகப் பார்த்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம் அவர்களைப் பிறவிக் குற்றவாளிகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரு சாலையின் வரலாறு என்றால் கல்லும் தாரும் மட்டும் அல்ல. இந்தக் கரையிலிருந்து மேற்கே போன வழிகளை உண்மையில் உருவாக்கியவர்களின் பெயர் எந்த மைல்கல்லிலும் இல்லை. போலீஸ் பதிவேட்டில் மட்டும் ஏறியது.

பக்கிங்காம் கால்வாய் இந்த வாதத்தை உடைக்கிறதா? ஆந்திரத்தின் பெத்த கஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர். அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். வடக்கு தெற்காகப் போகும் பெருவழி, முடிவதே மரக்காணத்தில். 1806இல் வணிகர் பாசில் காக்ரேன் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கியது, பிறகு அரசின் கைக்கு வந்து இரு பக்கமும் நீண்டது. விறகும் உப்பும் நெல்லும் இதில்தான் சென்னைக்குப் போயின. ஆனால் இது நம் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது: கரையோரமாகப் பாரம் போக வேண்டுமென்றால் அதற்குத் தண்ணீர்தான் வழி என்று அந்தக் கால ஆட்சியே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. இயற்கையாகக் கிடந்த கழிகளைக் கோத்து, இடைவெளியை வெட்டினார்கள். 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும்பஞ்சத்தில், சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரை நிவாரண வேலைக்கு வந்த பட்டினிக் கூலிகள் தோண்டினார்கள். 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. அதே 1878இல் இங்கிலாந்தின் ஹாரகேட்டில், சைக்கிளில் ஊர் சுற்றுவோருக்கான உலகின் முதல் பெரிய சங்கம் தொடங்கியது. அங்கே நாட்டுப்புறச் சாலை பொழுதுபோக்காக மாறிக்கொண்டிருந்த ஆண்டில், இங்கே வழி என்பது உயிரைப் பிடித்துவைக்கும் அரைக்கூலி. 1960களின் புயல்களில் அடிபட்ட கால்வாய் மெல்லப் போக்குவரத்தை இழந்தது. 2008இல் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டும், மரக்காணத்தில் படகுச் சரக்கு திரும்பி வரவில்லை.

படைகளைக் காட்டியும் மறுக்கலாம். சென்னையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், நடுவில் இந்தக் கரை. அப்படியானால் கர்நாடகப் போர்களின் படைகள் கரையோரம்தானே நடந்திருக்கும்? ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் நடையைக் கவனித்தால் விடை வேறு. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் வென்றபின் அவர் ஆர்க்காட்டைப் பிடித்தார். பிறகு கிழக்கே திரும்பி, மார்ச்சில் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே நிற்கும் பெருமுக்கல் மலைக்கோட்டையைக் கைப்பற்றினார். அதன் பின்தான் கடலோரம் இறங்கி ஆலம்பரைக் கோட்டையை வீழ்த்தினார். 1750இல் தக்காண ஆட்சியாளர் முசாபர் ஜங் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்த கோட்டை அது. இன்று கடப்பாக்கத்துக்கு அருகே இடிந்த சுவர்களாக நிற்கிறது. கரையிலிருந்த கோட்டைக்கான சாவி உள்நாட்டு மலையில் இருந்தது. கடல் வழியே ஆலம்பரைக்குச் சரக்கு வரலாம். தரையில் அதை எட்ட விரும்பியவர் பெருமுக்கல் பக்கமாகத்தான் வர வேண்டியிருந்தது.

ரயிலும் லாரியும் வந்தபின் இந்தப் பழைய திசை செத்துவிட்டதல்லவா என்று கேட்டால், முழுக்கச் சாகவில்லை என்பேன். பொதி மாடு போனதும் அந்த இடத்துக்குச் சைக்கிள் வந்தது. 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட பின் வந்த தலைமுறைகளில், கேரியரில் மீன்கூடை கட்டிக் குப்பத்திலிருந்து கிளம்பிய வியாபாரி கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கேதான் மிதித்தார். மீன் பிடிக்கும் ஊரில் மீன் விற்க முடியாது. உப்பு மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்றவர்களின் திசையும் அதுவே. 1980இல் வந்த டிவிஎஸ் 50 அந்தக் கேரியரைப் பறித்துக்கொண்டது; வழியை மாற்றவில்லை. தமிழ்நாட்டில் நீண்ட தூரச் சைக்கிள் பயணம் என்றாலே ஹெல்மெட்டும் கியரும் வந்தபின் பிறந்த நகரத்துப் பழக்கம் என்று எழுதுகிறவர்கள், இந்தப் பிழைப்புப் பயணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தினம் விடியலில் போய்த் திரும்பியவருக்குப் பதக்கம் கிடையாது என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை.

மேற்கே திரும்பும் சாலையில் நிழல் குறைவு, ஓரம் அகலமில்லை, உப்பு லாரியும் மணல் லாரியும் ஓடும் என்பது நடைமுறைக்காரர்களின் கடைசித் தடை. உண்மை. ஆனால் நான்கு வழிச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் பறக்கும் கார்களுக்குப் பக்கத்தில் மிதிப்பது மட்டும் என்ன பாதுகாப்பு? பார்ப்பதற்கு உள்ள வளத்திலும் இரண்டுக்கும் ஒப்பில்லை. திண்டிவனம் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே கிளம்பினால் நிலம் அலையலையாக ஏறி இறங்கும்; நிலக்கடலைக் கொல்லை, கோடையில் தர்பூசணி, ஏரிக்கரை, ஏரிக்குக் கீழே நெல். பெருமுக்கல் மலை நெடுநேரம் கூடவே வரும். பிரம்மதேசம் தாண்டிச் சவுக்குத் தோப்புகள் தொடங்கும்போது மண்ணின் நிறம் வெளுக்கும். பிறகு மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரியும் பாத்திகள். தை பிறந்தபின் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை அங்கே வேலை நடக்கும். நெல்லுக்கு மழை வேண்டும், உப்புக்கு வெயில் வேண்டும். முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பஞ்சாங்கம். திரும்பும்போது உப்புவேலூர்ப் பக்கமாக வந்தால், 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி இடையில் கிடக்கும். தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது, மேற்கிலிருந்து ஏரி ஏரியாக வழிந்து வரும் மழைநீர் கடலைத் தொடுமுன் தங்கும் இடம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மதியத்துக்கு மேல் கடற்காற்று பக்கவாட்டில் அறைந்துகொண்டே இருக்கும். திண்டிவனத்திலிருந்து காலையில் கடலுக்கு இறங்கி, கடற்காற்று எழுந்தபின் மேற்கே திரும்புகிறவருக்கு அதே காற்று முதுகில் தள்ளும். மீன்கூடை கட்டியவர்களுக்குப் போகும்போது அந்தச் சலுகை இருந்ததில்லை. கடற்காற்று எழுமுன்பே அவர்கள் மீனை விற்று முடித்திருக்க வேண்டும்.