கோலாரில் இராசேந்திர சோழன்

கங்கை கொண்டான், கடாரம் வென்றான் என முதலாம் இராசேந்திர சோழனைப் போற்றுகின்றோம். ஆயின், நம் தங்கவயலுக்கு அண்மையிலேயே அவன் பெயர் கல்லில் நிற்பதை நம்முள் பலர் அறியோம்.

1012-இல் இளவரசுப் பட்டமும் 1014-இல் அரியணையும் பெற்ற இவ்வேந்தன், 1044 வரை ஆண்டான். 1025-இல் இவன் கடற்படை சீவிசயத்தைத் தாக்கிற்று. 1033-இல் இவன் தூதர் சீனத்துச் சொங் அரசவையை அடைந்தனர்.

கங்கரின் பழந்தலைநகரான குவளாலபுரமே இன்றைய கோலார். இராசராசன் காலத்தில் கங்கநாடு சோழர் வசமானபின், இப்பகுதி நிகரிலிசோழ மண்டலம் எனப்பட்டது. இங்குள்ள கோலாரம்மன் கோயிலில் இராசேந்திரன் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் அம்மை பிடாரி எனப்படுகின்றாள். செங்கற்கட்டடம் கருங்கல்லாக மாறிய செய்தியும் உண்டு. இம்மாவட்டக் கல்வெட்டுகளை ரைஸ் என்னும் அறிஞர் 1905-இல் பதிப்பித்தார்.

1116-இல் ஹொய்சள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை வென்றான். கங்கநாட்டில் சோழர் ஆட்சி மறைந்தது. எஞ்சியவை கோயிலும் கல்லெழுத்துமே.

1880-இல் ஜான் டெய்லர் குழுமம் இங்குத் தொழில் தொடங்கியபின், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்தனர். அவர்கள் வாளேந்தி வந்தவரல்லர், உழைக்க வந்தவர்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மன்னன் பெயரைக் கல் காத்தது. பாதாளத்தில் உழைத்தோர் பெயரைக் காப்பவர் யார்? ஒவ்வோர் இல்லமும் தன் முன்னோரின் பெயர், பிறந்த ஊர், இறங்கிய சுரங்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதி வைப்பதாக. நாம் பொறிக்கவல்ல கல்வெட்டு அதுவே.