கத்தி அலகு விரிசல்

கத்தி அலகு விரிசல் என்பது கத்தி, அரிவாள், வெட்டுக்கத்தி போன்ற கருவிகளின் உருக்கு அலகில் ஏற்படும் பிளவு ஆகும். விறகு பிளத்தல், கிளை தறித்தல், எலும்பு வெட்டுதல் முதலிய கடும் வேலைகளுக்குப் பயன்படும் கத்திகளில் இது சிறப்புக் கவனத்துக்கு உரியது. ஓங்கி வெட்டும்போது அலகு முறிந்தால், முறிந்த துண்டு பறந்து சென்று கண்ணையோ உடலையோ காயப்படுத்தக்கூடும். அலகில் காணப்படும் கோடுகள் எல்லாம் விரிசல்கள் அல்ல. எனினும் ஐயத்துக்கிடமான ஒரு கோட்டை, அது விரிசல் அன்று என உறுதிப்படும்வரை விரிசலாகவே கொள்ளுதல் வேண்டும்.

விரிசலின் இயல்பு

விரிசலின் முனையில் தகைவு குவிகின்றது. நீளம் அகலத்தைப் போல் 10 மடங்காக உள்ள நீள்வட்டத் துளை ஒன்றைக் கொண்ட தகட்டை, துளையின் நீளத்துக்குக் குறுக்காக இழுத்தால், துளையின் முனையில் தகைவு 21 மடங்காகும் என்பது 1913 இல் இங்கிலிசு என்னும் பொறியியலாளர் வெளியிட்ட வாய்பாட்டிலிருந்து பெறப்படுகின்றது. விரிசலின் முனை இதனினும் மிகக் கூரியது. 1921 இல் கிரிபித்து என்பவர், குறிப்பிட்ட சுமைக்கு விரிசல் ஒரு மாறுநிலை நீளத்தை எட்டியதும் தானாகவே விரைந்து பரவும் என்பதை விளக்கினார். பொதுவாக உருக்கின் கடினத்தன்மை கூடும்போது இந்த நீளம் குறைகின்றது. எனவே, பல நாள் பயன்பாட்டில் சிறிது சிறிதாக வளர்ந்த விரிசல், ஒரே வெட்டில் அலகை முறித்துவிடலாம்.

காரணங்கள்

* தோய்த்தல்: ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வரை சூடாக்கிய உருக்கை நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது, அது மார்ட்டென்சைட்டு என்னும் கடினமான நிலைக்கு மாறிச் சற்று விரிவடைகின்றது. மெல்லிய விளிம்பும் தடித்த முதுகும் ஒரே நேரத்தில் குளிர்வதில்லை. இதனால் உண்டாகும் உட்தகைவு அலகைப் பிளக்கலாம். நீர் எண்ணெயைவிட விரைவாகக் குளிர்விப்பதால் அதில் இவ்விடர் மிகுதி.
* போதாத பதம்: தோய்த்த உருக்கை மீண்டும் 200 பாகை செல்சியசு அளவில் சூடாக்கிப் பதப்படுத்தாவிட்டால் அது நொறுங்கும் தன்மையுடன் இருக்கும்.
* கூர்மையான மூலைகள்: அலகு பிடிக்குள் செல்லும் வால்பகுதியாகக் குறுகும் இடத்தில் மூலை வளைவாக இல்லாவிட்டால், விரிசல் பெரும்பாலும் அங்கேயே தொடங்கும்.
* களைப்பு: ஒருமுறை முறிக்கப் போதாத சுமையும், ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும்போது விரிசலை உண்டாக்கும். பழைய வண்டிகளின் வில் தகட்டிலிருந்து அடிக்கப்படும் கத்திகளில், தகட்டிலேயே இருந்த களைப்பு விரிசல் தொடரக்கூடும்.
* தவறான பயன்பாடு: கத்தியை நெம்புகோலாகப் பயன்படுத்துதல், அதன் முதுகில் சுத்தியலால் அடித்தல் முதலியன.

கண்டறிதல்

முதலில் அலகைத் துரு, எண்ணெய், பிசின் ஆகியவை நீங்கத் துடைத்து, 10 மடங்கு உருப்பெருக்கியால் நோக்கவேண்டும். கீறலின் அடிப்பகுதி பெரும்பாலும் தெரியும். விரிசலின் அடி தெரியாது. சாணை பிடித்த தடங்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். அலகின் இரு பக்கங்களிலும் ஒரே இடத்தில் தோன்றும் கோடு, அல்லது விளிம்பைச் சுற்றித் தொடரும் கோடு, பெரும்பாலும் விரிசலே. வண்ணப்பூச்சு உள்ள அலகில் பூச்சு மட்டும் வெடித்திருக்கலாம். அவ்விடத்தில் பூச்சை நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

மண்ணெண்ணெயும் சுண்ணப்பொடியும் கொண்டு எளிய சோதனை ஒன்று செய்யலாம். ஐயமுள்ள இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்கு துடைத்தபின் பொடியைத் தூவினால், விரிசலுக்குள் இருந்து கசியும் எண்ணெய் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். இதையொத்த முறை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடர்வண்டிப் பணிமனைகளில் வழக்கில் இருந்தது. இன்றைய சாய ஊடுருவல் சோதனையும் இதே தத்துவத்தில் அமைந்தது. காந்தத்தால் ஈர்க்கப்படும் உருக்குகளுக்குக் காந்தத்துகள் சோதனையும் பயன்படும். அலகைத் தட்டி ஒலி கேட்பது துணைச் சான்று மட்டுமே. சிறிய விரிசல் ஒலியை மாற்றாது. அலகைக் கையால் வளைத்துப் பார்ப்பது ஆபத்தானது.

திசையும் இடமும்

விரிசலை மதிப்பிடும்போது நீளத்துடன் திசையும் இடமும் கருதப்படும். சப்பானிய வாள் மதிப்பீட்டில், வெட்டு விளிம்பிலிருந்து குறுக்காக ஏறும் விரிசல் அகிரே எனப்படுகின்றது. மயிரிழை அளவே ஆயினும் இது வாளின் பயனை அழிக்கும் குறையாகக் கொள்ளப்படுகின்றது. அடித்துப் படலம் படலமாக இணைத்த உருக்கில் நீளவாக்கில் தெரியும் திறப்புகள் அவ்வளவு கடுமையாக மதிக்கப்படுவதில்லை. வெட்டும்போது அலகு நீளவாக்கிலேயே இழுபட்டும் அமுங்கியும் வளைவதால், குறுக்கு விரிசலே முறிவுக்கு வழிவகுக்கின்றது.

மேற்கொள்ளவேண்டியவை

* பயன்பாட்டை உடனே நிறுத்துதல்.
* விற்பனை உத்தரவாதம் உள்ள கத்தியாயின், சாணை பிடிக்காமலும் மாற்றம் செய்யாமலும் செய்தவரிடம் காட்டுதல்.
* விரிசல் விளிம்பில் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் இருப்பின், அதன் முனையைத் தாண்டும்வரை தேய்த்து நீக்கி, மீண்டும் சோதித்தல். தேய்க்கும்போது பதம் இறங்காதிருக்க அலகை அடிக்கடி நீரில் குளிர்விக்கவேண்டும்.
* அலகின் உடலிலோ வால்பகுதியிலோ குறுக்கு விரிசல் இருப்பின், கத்தியைக் கைவிடுதல். பற்றவைத்தால் பற்றின் அருகே உருக்கு சில இடங்களில் நொறுங்குந்தன்மையும் சில இடங்களில் மென்மையும் அடையும். விரிசல் முனையில் துளையிடுதல் தகடுகளில் விரிசலைத் தாமதப்படுத்தும் முறையாகும். ஓங்கி வெட்டும் குறுகிய அலகுக்கு அது பாதுகாப்புத் தராது.
* விரிசலுக்கு அப்பால் நல்ல உருக்கு போதிய அளவு இருப்பின், கொல்லரிடம் கொடுத்துச் சிறிய கத்தியாக மாற்றலாம்.
* கழிக்கப்படும் அலகைத் தடித்த உறையில் சுற்றி அகற்றுதல். பிறர் எடுத்துப் பயன்படுத்தும்படி விட்டுவைக்கலாகாது.

முறிந்த அலகின் முகமும் காரணத்தைக் காட்டும். முறிவில் ஒரு பகுதி கறுத்தோ நிறம் மாறியோ இருப்பின், அது சூடாக்கிப் பதப்படுத்துவதற்கு முன்பே தோன்றிய விரிசலாகவோ, பின்னர் தோன்றித் துருவேறிய விரிசலாகவோ இருக்கலாம். கடற்கரை அலைத்தடம் போன்ற வரிகள் களைப்பைக் குறிக்கும். முழுவதும் புதிதாகப் பளிச்சிட்டால், அலகு அப்போதே முறிந்தது எனலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* அரிவாள்
* உருக்கு
* களைப்பு (பொருளியல்பு)
* வெப்பப் பதப்படுத்தல்